மாங்கனி ஊரில் 'கேமிங்' கம்ப்யூட்டர்

மாயவரத்தில் காரைக்கால் பஸ் ஏறி உட்கார்ந்தால், செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு என்று ஒவ்வொரு ஊராகத் தாண்டி, நண்டலாற்றுப் பாலத்தைக் கடந்ததும் வேறு ஆட்சிக்குள் வந்துவிட்டோம் என்பது யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி. வண்டிகளின் நம்பர் பலகையில் பி.ஒய். 02. பெட்ரோல் பங்குகளில் நம் ஊரை விடக் குறைந்த விலை. சாலையோரம் வரிசையாக மதுக்கடைகள். அதே வயல், அதே வாய்க்கால், அதே தமிழ்தான். ஆனால் மூன்று பக்கமும் தமிழ்நாடு, கிழக்கே வங்கக் கடல் என்று நடுவில் உட்கார்ந்திருக்கும் சுமார் 160 சதுர கிலோமீட்டர் நிலம் இது. புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் ஒரு துண்டு.

1739-ல் தஞ்சை மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது காரைக்கால். 1954 நவம்பர் 1-ல் இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்தது. சட்டப்படி முழுதாக நம்மோடு சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். இப்படி இரு நூறு வருஷத்துக்கு மேல் தனி வரி, தனிச் சட்டம் என்று இருந்த ஊருக்கு அக்கம்பக்கத்து ஜனங்கள் ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். 'காரைக்காலா? அங்கே எல்லாம் மலிவு!'

அந்தப் பேச்சு பொய்யும் இல்லை. நாகப்பட்டினத்திலும் மாயவரத்திலும் உள்ள குடும்பங்கள் மிக்ஸி, டி.வி., பிரிட்ஜ் வாங்கக் காரைக்காலுக்குப் போன காலம் ஒன்று இருந்தது. சில சாமான்களுக்கு அங்கே விற்பனை வரி குறைவு. ஆனால் 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு அந்தக் கணக்கு மாறிவிட்டது. பெட்ரோலும் மதுவும் ஜி.எஸ்.டி.க்கு வெளியே நிற்பதால் அவற்றின் விலையில் வித்தியாசம் இருக்கிறது. கம்ப்யூட்டருக்கு அப்படி இல்லை. காரைக்காலில் வாங்கினாலும் காஞ்சிபுரத்தில் வாங்கினாலும் 18 சதவீதம்தான். பழைய சாமான் வியாபாரி தன் லாபத்தின் மேல் மட்டும் வரி கட்டலாம் என்ற சலுகையும் நாடு முழுக்க ஒன்றே. 'பாண்டி வரி, அதனாலே மலிவு' என்று யாராவது கம்ப்யூட்டருக்குச் சொன்னால், அங்கேயே ஒரு நிமிஷம் நின்று யோசிக்க வேண்டும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சமீபத்தில் ஒரு கம்ப்யூட்டர் வாங்குவதற்காகத்தான் நான் காரைக்கால் போயிருந்தேன். வாங்கப் போனது எனக்கல்ல, என் நாத்தனார் மகனுக்கு. அவர்கள் இருப்பது திருமலைராயன்பட்டினத்தில். பையன் கல்லூரியில் முதல் வருஷம். நாத்தனார் மாதம் ஆயிரம் ரூபாயாக இரண்டு வருஷம் கட்டிய சீட்டுப் பணம் 24 ஆயிரம் கையில் இருந்தது. "அண்ணி, நீங்களும் கூட வாங்க. இவன் எதைக் காட்டினாலும் தலையாட்டிடுவான்" என்று கூப்பிட்டாள். எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி கல்லூரி கம்ப்யூட்டர் லேபில் வேலை பார்க்கிறாள். அவளையும் அழைத்துக்கொண்டோம்.

பாரதியார் சாலையில் நடந்தால்...

காரைக்காலின் முக்கிய வீதி பாரதியார் சாலை. கைலாசநாதர் கோயிலும் காரைக்கால் அம்மையார் கோயிலும் அந்த வீதியில்தான். ஆனி மாதப் பௌர்ணமியில் மாங்கனித் திருவிழா நடக்கும். பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழங்களை வாரி இறைப்பார்கள். கீழே நிற்கும் பெண்கள் முந்தானையை விரித்துப் பிடிப்பார்கள். அந்தப் பழம் கிடைத்தால் குழந்தை பாக்கியம் என்பது நம்பிக்கை.

இந்தத் திருவிழாவின் கதை நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வணிகர் குலத்துப் புனிதவதியின் கணவன் பரமதத்தன் இரண்டு மாம்பழங்களை வீட்டுக்கு அனுப்பினான். பசியோடு வந்த சிவனடியாருக்கு ஒன்றைப் படைத்துவிட்டாள் அவள். சாப்பிட வந்த கணவன் ஒன்றைத் தின்றுவிட்டு மற்றதையும் கேட்டான். அவள் இறைவனை வேண்ட, கையில் ஒரு பழம் வந்தது. அதைச் சுவைத்தவன், இது நான் அனுப்பியது இல்லையே, எங்கிருந்து வந்தது என்று கேட்டான். அவளும் மறைக்காமல் நடந்ததைச் சொன்னாள். அதற்காக அவள் இழந்தது வாழ்க்கையையே. அவள் காரைக்கால் அம்மையார் ஆனது பிறகு.

அம்மையார் கொடுத்தது தெய்வப் பழம். அதன் ருசி மேலானது. நாம் கடையில் வாங்கும் பழத்துக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அதேதான். இது எங்கிருந்து வந்தது?

கலர் விளக்குப் பெட்டி

நாங்கள் போன கடையின் பெயர் இங்கே வேண்டாம். இந்த வியாபாரம் அந்த ஒரு கடையோடு நிற்பதும் இல்லை. சென்னை ரிச்சி தெரு முதல் டில்லி நேரு பிளேஸ் வரை, போனில் வரும் விளம்பரங்கள் வரை, எல்லா இடத்திலும் நடக்கிறது.

வாசலிலேயே ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே நாலு விசிறிகள் சுற்ற, சிவப்பு, நீலம், பச்சை, ஊதா என்று விளக்குகள் மாறி மாறி எரிந்தன. கல்யாண மண்டபத்து சீரியல் செட்டு தோற்றது. மேலே ஒரு அட்டை: 'கேமிங் பி.சி., ஐ7, 16 ஜி.பி. ராம், 4 ஜி.பி. கிராபிக்ஸ், ரூ.23,500 மட்டுமே'.

"வாங்க அக்கா, வாங்க. தம்பிக்கா? படிக்கவா, கேம் ஆடவா?"

"ரெண்டுக்கும்தான்" என்றான் பையன், கண்ணை விளக்கிலிருந்து எடுக்காமலே.

"அப்போ இதான் தம்பி சரி. ஐ7. டாப் மாடல். புதுசா வாங்கினா அறுபதாயிரத்துக்குக் குறையாது. எந்த கேம் போட்டாலும் ஓடும்" என்று சொல்லி ஓர் ஆட்டத்தை ஓட்டியும் காட்டினார். கார் பறந்தது. நாத்தனார் கை பர்ஸுக்குப் போய்விட்டது.

எதிர்வீட்டுப் பெண் கேட்டாள்: "அண்ணே, ஐ7 சரி. எந்தத் தலைமுறை?"

"எல்லாம் ஐ7தாம்மா."

அவள் கீபோர்டில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்ற மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினாள். 'டாஸ்க் மேனேஜர்' என்று ஒரு கட்டம் திறந்தது. அதில் 'பெர்பார்மன்ஸ்' என்ற பகுதியைத் தொட்டதும், உள்ளே இருப்பது இன்னது என்று கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது. ஐ7-3770. கிராபிக்ஸ் கார்டு ஜி.டி. 730.

முதலாவது 2012-ல் வந்தது. இரண்டாவது 2014-ல் வந்தது, அதுவும் வரிசையின் கீழ்ப்படிகளில் ஒன்று. ஓட்டிக் காட்டிய ஆட்டமோ 2013-ல் முதலில் வெளிவந்தது. அந்தக் காலத்து மெஷினில் அந்தக் காலத்து ஆட்டம் ஓடுவதில் என்ன அதிசயம்!

மூன்று வார்த்தைகள்

வெளியே ஒரு டீக்கடையில் உட்கார்ந்து அந்தப் பெண் எங்களுக்கு விளக்கினாள். நமக்குப் புரிகிற மாதிரி அடுக்களைப் பாஷையிலேயே சொன்னாள். நான் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

முதல் வார்த்தை 'ஐ7'. இது இன்டெல் கம்பெனியின் ஒரு வரிசைப் பெயர். 2008-லிருந்து வருகிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் ஐ3, ஐ5, ஐ7 என்று படிகள் உண்டு. பெயருக்குப் பின்னால் வரும் எண்ணின் தொடக்கம்தான் தலைமுறை. 3770 என்றால் மூன்றாவது. 8500 என்றால் எட்டாவது. 12100 என்றால் பன்னிரண்டாவது. 2022-ல் வந்த ஐ3-12100 என்ற 'சின்னப் படி', 2012-ன் ஐ7-3770-ஐ எளிதாக முந்திவிடும். பொன்னி அரிசி என்று மட்டும் சொன்னால் போதுமா? எந்த வருஷத்து நெல், புதுசா, பழசா என்று கேட்போம் அல்லவா? அரிசிக்குப் பழசு நல்லது. கம்ப்யூட்டருக்கு அப்படி இல்லை.

இரண்டாவது வார்த்தை '16 ஜி.பி.' ராம் என்பது சமையல் மேடை மாதிரி. மேடை பெரிதாக இருந்தால் நாலு பாத்திரம் சேர்த்து வைக்கலாம், வசதிதான். ஆனால் சமைப்பது அடுப்பு. அடுப்பு மந்தமாக இருந்தால் மேடை எவ்வளவு நீளம் என்ன! பழைய வகை ராம் இப்போது மலிவு. அதனால் அதைத் தாராளமாகப் போட்டு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிவிடுகிறார்கள்.

மூன்றாவது வார்த்தை '4 ஜி.பி. கிராபிக்ஸ்'. மூன்றிலும் அதிகமாக ஏமாற்றுவது இதுதான். 4 ஜி.பி. என்பது அந்தக் கார்டில் உள்ள நினைவகத்தின் அளவு, அதன் பலம் அல்ல. அண்டா பெரிசு, அடியில் எரிவதோ அகல் விளக்கு! ஜி.டி. 730 படம் பார்க்க, இரண்டு மானிட்டர் இணைக்க உதவும். இன்றைய பெரிய ஆட்டங்களுக்கு அது தாங்காது. ஒரே பெயரில் இரண்டு விதம் விற்பதும் உண்டு. ஜி.டி. 1030 என்ற கார்டு 2017-ல் வந்தது. மறு வருஷம் அதே பெயரில், வேகம் குறைந்த நினைவகத்தோடு இன்னொன்று வந்தது. பெட்டியின் மேல் பெயர் ஒன்றுதான். உள்ளே இருக்கும் சரக்கு வேறு.

இதற்கும் மேலே போய், பழைய கார்டின் உள் மென்பொருளை மாற்றி எழுதி, புது மாடல் பெயரைக் காட்டச் செய்கிற மோசடியும் உலகம் முழுக்க நடந்திருக்கிறது. ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. என்று பெயர் காட்டும், உள்ளே இருப்பதோ பல வருஷத்துக்கு முந்தைய சில்லு. இதைக் கண்டுபிடிக்கவே 'ஜி.பி.யு.-இசட்' என்ற இலவச மென்பொருளில் 2018-ல் ஒரு வசதி சேர்த்தார்கள். பொய்க் கார்டாக இருந்தால் பெயருக்கு முன்னால் 'போலி' என்று ஆங்கிலத்தில் காட்டிவிடும்.

இப்படிக் கூட்டிப் பார்த்தால், அட்டையில் இருந்த ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. ஐ7 உண்மை. 16 உண்மை. 4 உண்மை. எல்லாம் சேர்ந்து சொன்ன கதை மட்டும் பொய்!

அது எங்கிருந்து வந்தது?

பெரிய ஐ.டி. கம்பெனிகள், பாங்குகள், கால் சென்டர்கள் கம்ப்யூட்டர்களை ஆயிரக்கணக்கில் வாங்குகின்றன. சில வருஷம் ஆனதும் மொத்தமாகக் கழித்துவிடுகின்றன. அவை பெரும்பாலும் டெல், எச்.பி., லெனோவா செய்த ஆபீஸ் மெஷின்கள். உழைப்புக்குக் குறைவில்லை. மொத்த வியாபாரிகள் அவற்றை ஏலத்தில் எடுத்து, துடைத்து, பழுது பார்த்து, புது எஸ்.எஸ்.டி. போட்டு விற்கிறார்கள். இதற்குத்தான் 'ரிபர்பிஷ்டு' என்று பெயர். நம் பாஷையில் புதுப்பித்த பழசு.

இதில் குற்றம் ஒன்றும் இல்லை. நல்ல காரியம் என்றுகூடச் சொல்லலாம். குப்பைக்குப் போக வேண்டியது ஒரு ஏழைப் பிள்ளையின் மேஜைக்குப் போகிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள் புதுப்பிப்பவர்களையும் ஒரு தொழில் வகையாக ஏற்று, அவர்கள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன.

குற்றம் எங்கே வருகிறது? அந்த ஆபீஸ் மெஷினின் உறுப்புகளைக் கழற்றி, கண்ணாடிப் பெட்டியில் மாற்றி, விளக்கு போட்டு, உதவாக்கரைக் கார்டு ஒன்றைச் செருகி, 'கேமிங்' என்று பெயர் சூட்டும்போது வருகிறது. விளக்குக்கும் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை. பழைய புடவைக்குப் புது ஜரிகை தைத்துப் பட்டு என்று விற்பது போலத்தான்.

எவ்வளவு வித்தியாசம் என்கிறீர்கள்? அதே கடையின் உள்ளறையில், அதே ஐ7-3770, விளக்கில்லாத கறுப்பு ஆபீஸ் பெட்டியில் இருந்தது. மானிட்டர், கீபோர்டு சேர்த்துப் பதினோராயிரம் சொன்னார். மீதிப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறும் அந்த ஒரு கார்டுக்கும், விளக்குக்கும், 'கேமிங்' என்ற மூன்றெழுத்து மந்திரத்துக்கும்! நாத்தனார் விரல் மடக்கிக் கணக்குப் போட்டாள். "அண்ணி, பன்னிரண்டரை மாசச் சீட்டு!" என்றாள். அவள் அந்தச் சீட்டைக் கட்டியது தையல் மெஷினில் உட்கார்ந்து.

கடைக்காரரைக் கேட்டால் அவருக்கும் ஒரு நியாயம் இருந்தது. "நான் என்னம்மா பண்றது? லைட் போடாம வெச்சா பசங்க திரும்பிக்கூடப் பார்க்கறதில்லே. கேமிங்னு எழுதினாத்தான் உள்ளேயே வர்றாங்க" என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. கேட்காமல் வாங்குகிறவர்கள் இருக்கும்வரை சொல்லாமல் விற்கிறவர்களும் இருப்பார்கள்.

பணம் மட்டுமா?

பணத்தோடு போனால்கூடப் பரவாயில்லை. வேறு சில தொல்லைகளும் உண்டு.

வின்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டன. பதிவு செய்துகொண்டவர்களுக்கு ஒரு வருஷ நீட்டிப்பு மட்டும் கொடுத்தார்கள். வின்டோஸ் 11-க்கோ இன்டெல் எட்டாவது தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். மூன்றாவது தலைமுறை மெஷினில் வின்டோஸ் 11 ஓடுகிறது என்றால், சோதனையைத் தாண்டிக் குறுக்கு வழியில் ஏற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதற்குத் திருத்தங்கள் வரும் என்று மைக்ரோசாப்ட் உறுதி தருவதில்லை. பிள்ளை அதே மெஷினில்தான் கல்லூரிக் கட்டணம் கட்டுவான். நாமும் பாங்கு வேலை பார்ப்போம்.

மின்சார சங்கதியையும் கவனிக்க வேண்டும். பெட்டிக்குள் மின்சாரம் பகிரும் பாகத்தை எஸ்.எம்.பி.எஸ். என்பார்கள். மலிவுப் பெட்டியோடு வருகிற பெயர் தெரியாத எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மேல் ஒட்டிய 'வாட்' கணக்கை நம்ப முடியாது. கிராபிக்ஸ் கார்டு முழு மூச்சில் ஓடும்போது அது சூடேறிக் கருகினால், மற்ற பாகங்களையும் சேர்த்துக்கொண்டு போகும். வீட்டில் எர்த் சரியில்லாவிட்டால் பெட்டியைத் தொடும்போது சுருக்கென்று இழுக்கும். மூன்று பின் பிளக்கை வெட்டி இரண்டு பின்னாக்கி மாட்டும் பழக்கம் கூடவே கூடாது.

காரைக்கால் கடற்கரை ஊர். உப்புக் காற்று. ஜன்னல் கம்பியே வருஷத்துக்கு ஒரு தரம் பெயின்ட் கேட்கும். ஏற்கெனவே பல வருஷம் உழைத்த போர்டுகளில் இந்தக் காற்று பட்டால் துரு சீக்கிரம் ஏறும். பழைய மெஷின் வாங்கும்போது பக்கவாட்டு மூடியைக் கழற்றி, திருகுகளிலும் இணைப்புகளிலும் பச்சை, வெள்ளைப் பூப்பு இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

கடையில் கேட்க வேண்டியவை

அந்தப் பெண் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். வெட்டி எடுத்து பர்ஸில் வைத்துக்கொள்ளலாம்.

1. பிராசஸரின் முழு எண் என்ன? 'ஐ5', 'ஐ7' என்பது பதில் ஆகாது. எண்ணின் தொடக்கம் 8 அல்லது அதற்கு மேல் இருக்கட்டும்.

2. கிராபிக்ஸ் கார்டின் முழுப் பெயர் என்ன? ஜி.பி. கணக்கு மட்டும் போதாது. ஜி.பி.யு.-இசட் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

3. டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது? 'கிரிஸ்டல் டிஸ்க் இன்போ' என்ற இலவச மென்பொருள் காட்டிவிடும். புதிது என்று சொல்லும் டிஸ்க் ஆயிரக்கணக்கான மணி ஓடியிருந்தால் விஷயம் புரிந்துவிடும்.

4. பிராண்டு மெஷின் என்றால் அதன் சீரியல் எண் எங்கே? டெல் மெஷினில் 'சர்வீஸ் டேக்' என்று ஒட்டியிருக்கும். அதைக் கம்பெனியின் தளத்தில் போட்டால், எப்போது கம்பெனியை விட்டுக் கிளம்பியது என்று தெரிந்துவிடும். அதுதான் அதன் ஜாதகம்.

5. பிள்ளை ஆட விரும்பும் ஆட்டத்தின் பெயரையும், அதற்குத் தேவையான குறைந்தபட்ச மெஷினையும் வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள். 'எந்த கேமும் ஓடும்' என்பதை நம்பாமல், 'இந்த கேமை ஓட்டிக் காட்டுங்கள்' என்று கேளுங்கள். அரை மணி நேரமாவது ஓடட்டும். சூடேறினால் தடுமாறும் மெஷின் அதற்குள் காட்டிக்கொடுத்துவிடும்.

6. பில்லில் 'புதுப்பித்தது' என்ற வார்த்தை, பிராசஸர் எண், கார்டின் பெயர், சீரியல் எண், எத்தனை மாத வாரண்டி என்பவை எழுதப்பட்டிருக்கிறதா? 'ஒரு கேமிங் பி.சி.' என்று மட்டும் எழுதிய பில் பின்னால் எதற்கும் உதவாது.

சட்டம் நம் பக்கம்

"பழைய சாமான்தானே, வாங்கினா வாங்கினதுதான்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அது சரியில்லை. 2020 ஜூலை 20-ல் அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ஐப் பாருங்கள். புதுப்பித்த பொருளையும் பழைய பொருளையும் புதிது என்று காட்டி விற்பதை அது பெயர் சொல்லியே முறையற்ற வணிகம் என்கிறது. பில் கொடுக்காமல் விடுவதும் முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள் திரும்ப வாங்க மறுப்பதும் அப்படித்தான். பில்லில் கெடு எதுவும் இல்லாவிட்டால் 30 நாள் என்று சட்டம் வைத்துக்கொள்கிறது.

பொருளின் தன்மை, தரம், அளவு பற்றித் தவறான எண்ணம் உண்டாக்கும் விளம்பரத்துக்கு 'தவறாக வழிநடத்தும் விளம்பரம்' என்று பெயர். முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அதில் சேரும். தலைமுறையைச் சொல்லாமல் 'ஐ7' என்று மட்டும் எழுதுவதை இந்தக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் என்னவென்று தெரியும். இதற்காகவே 2020-ல் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இப்படிப்பட்ட விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

நமக்கு எளிதான வழி 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். பேசித் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளின் விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். வாங்கியது காரைக்காலில் என்றாலும், நாகப்பட்டினத்துக்காரர் நாகப்பட்டினம் மாவட்டத்து ஆணையத்திலேயே கொடுக்கலாம். வாங்கினவர் குடியிருக்கும் இடத்தில் புகார் கொடுக்க இந்தச் சட்டம் இடம் தருகிறது. எல்லை தாண்டிப் பொருள் வாங்கும் நமக்கு இது பெரிய வசதி.

வாங்கியது என்ன?

கடைசியில் வேறொரு கடையில், எட்டாவது தலைமுறை ஐ5-8500 போட்ட ஆபீஸ் மெஷின் ஒன்றை மானிட்டரோடு பதினேழாயிரத்துக்கு வாங்கினோம். 2018-ல் வந்த பிராசஸர். விளக்கு கிடையாது. பார்க்க டிரங்குப் பெட்டி மாதிரி இருக்கிறது. பில்லில் எல்லா எண்ணையும் எழுதச் சொன்னபோது கடைக்காரர் ஒரு தரம் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஆறு மாத வாரண்டி என்றும் சேர்த்தார்.

பையனுக்கு முகம் சுருங்கித்தான் போயிற்று. வயசு அப்படி. அந்தப் பெண் அவனிடம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள்: "இதுல உன் காலேஜ் பாடம், புரோகிராமிங் எல்லாம் நல்லா ஓடும். சின்ன ஆட்டம் ஓடும். பெரிய ஆட்டம் ஓடாது. அதுக்கு நல்ல கார்டும் நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸும் வேணும், காசு சேர்த்துப் பிறகு பார்க்கலாம். ஆனா அந்த லைட் பெட்டியிலயும் அது ஓடியிருக்காது. அங்கே உனக்கு ஆறு மாசம் கழிச்சுத் தெரிஞ்சிருக்கும், இங்கே இன்னிக்கே தெரியுது."

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தன் போனை எடுத்து, கூடப் படிக்கும் ஒரு பையன் முதல் மாதம் வாங்கிய 'கேமிங்' மெஷினின் படத்தைக் காட்டி, "அக்கா, இதுல என்ன இருக்குன்னு பார்த்துச் சொல்றீங்களா?" என்று கேட்டான். அவன் அம்மா வளையலை அடகு வைத்து வாங்கிக் கொடுத்ததாம். முப்பது நாள் ஆகிவிட்டதா, பில் இருக்கிறதா என்றுதான் அந்தப் பெண் முதலில் கேட்டாள். பில் இருந்தது. இன்னும் ஒன்பது நாள் பாக்கி இருந்தது. அங்கேயே நின்று 1915-ஐ எழுதிக் கொடுத்தாள்.

காரைக்காலுக்குப் போங்கள் சகோதரிகளே. அம்மையாரைக் கும்பிடுங்கள், சனிக்கிழமையானால் திருநள்ளாறு போய் வாருங்கள், சாயங்காலம் அரசலாறு கடலில் சேரும் இடத்தில் காற்று வாங்குங்கள். கம்ப்யூட்டர் வாங்குவதானாலும் தாராளமாக வாங்குங்கள், பழசே ஆனாலும் சரி. விளக்கை மட்டும் அணைக்கச் சொல்லிவிட்டுப் பாருங்கள்.